வயது வந்தபின் வரலாறு படிக்க விரும்புவோர்க்கு

(பொன்விழா மாலைக் கூட்டத்தில், நமது பங்கின் மூத்தோர் படிப்புக் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

கோவில் எழுந்த கதையையும் கொடிமரம் நட்ட கதையையும் எங்களுக்கு முன் பேசிய பெரியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்ட பொருள் சிறியது. நாங்கள் ஏழு பேர். எங்களுள் தையல் தைப்பவர் இருவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், மற்ற மூவரும் இல்லத்தரசிகள். பள்ளியோடும், சிலர் பள்ளி முடியுமுன்னும் நின்றுபோன நாங்கள் பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு பி.ஏ. வரலாறு படிக்கச் சேர்ந்தோம். நால்வர் பட்டம் பெற்றாயிற்று. இருவர் இறுதி ஆண்டில் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு அரியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். எங்களில் மூத்தவருக்கு வயது 58.

இந்தச் செய்தி பரவிய நாள் முதலாக, பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எங்களை நிறுத்தி, "அக்கா, எங்கே சேர்ந்தீங்க? எவ்வளவு கட்டணும்? ஈசியாப் பாஸ் பண்ணிறலாமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. கேள்விகள் நியாயமானவையே. ஆனால் கேட்கவேண்டிய முதற் கேள்விகள் இவை அல்ல என்பது எங்கள் எண்ணம். காலந்தாழ்ந்து படிக்க வருகிறவன் 18 வயது மாணவனைப் போன்றவன் அல்லன். இடத்தைத் தவறாகத் தேர்ந்துகொண்டால் திருத்திக்கொள்ள இளைஞனுக்கு ஆண்டுகள் கிடக்கின்றன. நமக்கோ பணமும் குறைவு, நேரமும் குறைவு. "இந்த வயசில உனக்கு எதுக்கு இது" என்று வீட்டார் சொல்லும் நாளுக்கும் அதிக தூரமில்லை. ஆகவே தேர்ந்தெடுப்பதில்தான் நாம் அதிகக் கவனம் வைக்கவேண்டும்.

வரலாறுதான் படிக்கவேண்டுமா என்று முதலில் பார்ப்போம். "செத்துப்போன ராஜாக்களைப் பத்திப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று எங்களில் பலர் கேட்டிருக்கிறோம், இல்லை, பிறர் கேட்கக் கேட்டிருக்கிறோம். இதற்கு விடையாக இரண்டு பெரியவர்களை நினைவுகூர விரும்புகிறோம். பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைப் படித்தவர். கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் பெற்றவர் அல்லர். ஐம்பது வயதையொட்டித்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. மற்றவர் மயிலை சீனி. வேங்கடசாமி. அவரும் பள்ளி ஆசிரியரே. கிறிஸ்தவர் அல்லாத அவர் 1936-இலேயே 'கிறிஸ்தவமும் தமிழும்' என்ற நூலை எழுதி, நம் சமயத்தார் தமிழுக்குச் செய்த பணியை நமக்கே எடுத்துச் சொன்னார். நாம் அவர்களாகிவிடுவோம் என்று சொல்லவரவில்லை. பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு படிப்பு என்ற வாழ்க்கைக்கு இந்தத் துறை இடம் கொடுக்கிறது என்றே சொல்கிறோம். வரலாற்றுக்குச் சோதனைக்கூடம் வேண்டாம். பொறுமையும், படித்ததைச் சந்தேகிக்கிற புத்தியும், ஒரு நூலகமும் போதும். அந்தப் பொறுமை இளைஞர்களைவிட நமக்குச் சற்று அதிகம்.

இனி, எதற்காகப் படிக்கிறோம் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மன நிறைவுக்காகப் படிக்கிறவருக்கு ஒரு வழி. வேலைக்காகவோ, பதவி உயர்வுக்காகவோ, பிறகு பி.எட். படித்து ஆசிரியர் ஆவதற்காகவோ படிக்கிறவருக்கு வேறு வழி. பின்னவர்கள் ஒரு செய்தியைக் கல்லில் பொறித்தது போல மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு காலத்தில், பள்ளிப் படிப்பே இல்லாமல், குறிப்பிட்ட வயது ஆகியிருந்தால் போதும் என்று சொல்லித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டப்படிப்பிலும் முதுகலையிலும்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். பலர் அப்படிப் பட்டம் பெற்று, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்தார்கள். 2009-இல், முதற் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்த பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று நமது மாநில அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. உழைத்துப் படித்தவர்கள் எத்தனையோ பேர் அன்று கண்ணீர் விட்டார்கள்.

ஆகவே, பத்தாவதோடு நின்றவர்களே, தயவு செய்து பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்க எண்ணாதீர்கள். மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாக எழுதலாம். அதில் குறைந்தபட்ச வயது உண்டே தவிர, மேல் வரம்பு கிடையாது. வரலாறும் அங்கே ஒரு பாடமாக இருக்கிறது. எங்களுள் இருவர் இந்தச் சுற்றுவழியில்தான் வந்தார்கள். கூடுதலாகச் செலவான காலத்தைப் பற்றி இன்று அவர்களிடம் கேட்டால், "அந்தப் படிப்புதான் மூணு மணி நேரம் உக்காந்து எழுதக் கத்துக்குடுத்துச்சு" என்கிறார்கள். கை பேனாவை மறந்துபோயிருக்கும் ஐயா! முதல் தேர்வில் விரல் வலிக்கிற வலியைச் சொல்லி மாளாது.

அடுத்தது அங்கீகாரம். இதைக் குறித்துச் சற்று விரிவாகவே பேச அனுமதிக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பேருந்து நிலையத்துக்கு அருகில் மாடியறை ஒன்றில் இயங்கிய ஒரு மையத்தை நம்பி மூன்று தவணைகள் பணம் கட்டினார். வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். வகுப்பு கிடையாது, புத்தகம் கிடையாது. "தேர்வுக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றார்கள். ஓராண்டு கழித்துப் போனபோது மாடியில் அலைபேசிக் கடை இருந்தது. மையத்தின் பெயரை நாங்கள் இங்கே சொல்லப்போவதில்லை. இன்று அது வேறு பெயரில் எங்கேயாவது நடந்துகொண்டிருக்கலாம். அந்தச் சகோதரி கட்டிய பணம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். அதைவிட, பிறகு அவர் படிப்பையே வெறுத்துவிட்டார் என்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. தொலைநிலையில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்தை, எந்த ஆண்டில் நடத்தலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியலிட்டு வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நாம் சேரும் பாடத்தின் பெயரும், நாம் சேரும் ஆண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும். பெரிய, பழைய, பெயர்பெற்ற பல்கலைக்கழகமாக இருப்பினும் இதைப் பார்த்தே ஆகவேண்டும். அங்கீகாரம் ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் நிலைப்பது அல்ல. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு எல்லை வரம்பும் உண்டு. பிற மாநிலத்துப் பல்கலைக்கழகம் நம் தெருமுனையில் கிளை வைத்திருப்பதாகச் சொன்னால் அங்கேயே சந்தேகம் எழவேண்டும். முறையான அங்கீகாரத்தோடு தொலைநிலையில் பெற்ற பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. எனவே "தபால்ல படிச்சதுதானே" என்று யாராவது உதட்டைச் சுழித்தால் நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை.

நம் பகுதியில் 'தபாலில் படிப்பது' புதிதுமல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் முதலில் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியை, 1970-களின் தொடக்கத்திலேயே மதுரைப் பல்கலைக்கழகம் இங்கே கொண்டுவந்துவிட்டது. பழுப்பு உறையில் பாடங்கள் வந்து விழுந்த காலத்தை நம் மூத்த ஆசிரியைகள் சிலர் இன்றும் சொல்வார்கள். 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. இரண்டுக்கும் மதுரையில் மண்டல மையங்கள் உண்டு. பகல் கல்லூரியில் சேர முடியுமானால் அதற்கு ஈடு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கே வயது வரம்பும், வருகைப் பதிவும் நம்மைத் தடுக்கும். கடையைப் பூட்டிவிட்டு யார் தினமும் போவது?

சரி, அங்கீகாரம் பெற்ற இடங்கள் இரண்டு மூன்று நம் முன் இருக்கின்றன. அவற்றுள் எந்த வரலாற்றுப் படிப்பு நல்லது? பலரும் கட்டணத்தை ஒப்பிட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டணம் முக்கியந்தான். ஆனால் நாங்கள் செய்தது, பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு இடத்தின் பாடப் புத்தகத்தையும் கடன் வாங்கி, ஒரே ஒரு பாடத்தை முழுதாகப் படித்துப் பார்த்தது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பாடங்கள் 'இ-ஞானகோஷ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிற பாடங்களுக்கு ஏற்கெனவே படிக்கிற யாரையாவது பிடித்துக்கொண்டோம்.

படிக்கும்போது எதைப் பார்ப்பது? நாம் மதுரைப் பக்கத்து மக்கள் அல்லவா, கீழடியையே உரைகல்லாக வைத்துக்கொண்டோம். கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை 2014-15-இல் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்து செய்து, 2019-இல் வெளியிட்ட அறிக்கை அந்த வாழ்விடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசென்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. சங்க காலத்தைப் பற்றிய பாடத்தில் இவற்றின் வாடையே இல்லையென்றால், அந்தப் புத்தகம் எந்த ஆண்டில் உறங்கிப்போயிற்று என்பது தெரிந்துவிடும். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை. கீழடியின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசிவிட்டு, அந்தக் காலத்தை எப்படிக் கணித்தார்கள், கரித்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன தெரிகிறது, எந்த மண்ணடுக்கில் எடுத்தது என்பவற்றைச் சொல்லாத பாடமும் நல்ல பாடமாகாது. 'நடந்தது இது' என்று மட்டும் சொல்லும் பாடத்தைவிட, 'இது நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்' என்று சொல்லும் பாடமே வயது வந்தவர்களுக்கு ஏற்றது. ஆண்டுகளை மனப்பாடம் செய்வதில் நாம் பேரப்பிள்ளைகளோடு போட்டிபோட முடியாது. சான்றை எடைபோடுவதில் போடலாம். பத்திரம் பார்த்து நிலம் வாங்கியிருக்கிறோம், ஜாதகமும் இல்லாமல் நாலு பேரிடம் விசாரித்துப் பெண் கொடுத்திருக்கிறோம்!

நாயக்கர் காலத்துப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பிய கடிதங்கள் அக்காலத்துக்கு முக்கியமான சான்றுகள். சத்தியநாத ஐயர் 1924-இல் வெளியான தமது நூலில் அக்கடிதங்களை மொழிபெயர்த்துப் பிற்சேர்க்கையாகவே கொடுத்திருக்கிறார். நல்ல பாடம் இதைச் சொல்வதோடு நில்லாது. எழுதியவர்கள் யாருக்கு, எதற்காக எழுதினார்கள், தங்கள் பணிக்கு ஆதரவு வேண்டி எழுதுகிறவர் எதைப் பெரிதாகச் சொல்வார், எதை விட்டுவிடுவார் என்றும் கேட்கும். அது நம் குருக்களின் கடிதங்கள்தானே என்று நமக்குச் சற்று வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

மொழியைப் பற்றி இரண்டு சொற்கள். தேர்வைத் தமிழில் எழுதலாமா, பாடமும் தமிழில் வருமா என்ற இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். எழுத அனுமதித்துவிட்டுப் பாடத்தை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புகிற இடங்களும் உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைத் தமிழிலேயே படிக்கலாம். எங்களுள் ஐவர் தமிழிலும் இருவர் ஆங்கிலத்திலும் படித்தோம். தமிழில் படித்தவர்களுக்குக் கே. கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' கைவிளக்காக இருந்தது. ஐரோப்பிய வரலாறு வந்தபோதுதான் தமிழில் நூல் கிடைக்காமல் திண்டாடினார்கள். 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அந்தத் திண்டாட்டத்தைப் பெரிதும் குறைத்தது.

நேரக் கணக்கை யாரும் சொல்வதில்லை, நாங்கள் சொல்லிவிடுகிறோம். தொலைநிலைப் படிப்பில் ஒரு 'கிரெடிட்' என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 180 மணி. ஆண்டுக்கு அத்தகைய நான்கு தாள்கள் என்றால் 720 மணி. அதாவது ஞாயிறு, திருநாள் பாராமல் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்த இரண்டு மணி எங்கிருந்து வரும்? எங்கள் வீடுகளில் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து ஒரு மணி வந்தது. மற்றொரு மணி விடியற்காலை நாலரைக்கு வந்தது. கணவன்மார்கள் காபி போடக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் இம்மேடையில் பதிவு செய்துவிடுகிறோம். இயலாதவர்கள், மூன்றாண்டுப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டிக்க இடம் தருகிற பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஒப்படைப்புகளுக்குரிய மதிப்பெண் 30 விழுக்காடு வரை இருக்கும். அதைப் பிறரைக் கொண்டு எழுதுவித்துக்கொள்ளாமல் தாமே எழுதினால் தேர்வுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பி.எட். எண்ணம் உள்ளவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் சேரக் குறைந்தபட்ச மதிப்பெண் விழுக்காடு உண்டு. வெறும் தேர்ச்சி போதாது.

இவ்வளவு சொன்ன பிறகும், படித்து என்ன கண்டீர்கள் என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சம். 1871-க்கும் 1881-க்கும் இடையே சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தே போயிற்று. பாடத்தில் இதைப் படித்துவிட்டு, பங்குத் தந்தையின் அனுமதியோடு நம் தாய்ப் பங்கின் பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்த்தோம். இலத்தீன் தெரிந்த ஒரு குருவானவர் உடனிருந்து உதவினார். அந்த ஆண்டுகளின் பக்கங்கள் திடீரெனத் தடிக்கின்றன. ஒரே கையெழுத்து, ஒரே நாளில் பல பெயர்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். காரணம் எழுதிய இடங்களில் காய்ச்சல் என்றும் வாந்திபேதி என்றும் இருக்கின்றனவேயன்றி, 'பசி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பசித்துக் கிடந்த உடம்பைக் கடைசியில் கொண்டுபோனது காய்ச்சல்தான். எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் பஞ்சம் வந்ததே நமக்குத் தெரிந்திராது. பாட்டி சொன்னதை மட்டும் நம்பியிருந்தால் ஆண்டும் அளவும் தெரிந்திரா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று பதிவேட்டை மூடிவிட்டு நெடுநேரம் எவரும் பேசவில்லை.

கடைசியாகச் சான்றிதழ் விவகாரம். இது நம்மவர்க்கே உரிய தொல்லை. திருமுழுக்குப் பதிவில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயரே ஆதாரில் ஏறியிருக்கும். திருமணத்துக்குப் பின் பெண்களின் தலைப்பெழுத்தும் மாறியிருக்கும். 2024 முதல் தொலைநிலையில் சேர்வோர், ஆதாருடன் இணைந்த கல்விக் கணக்கு எண்ணையும், தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்ணையும் பெற்றாக வேண்டும். அப்போது பெயர் ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சேர்க்கை தொடங்குவதற்குச் சில மாதம் முன்பாகவே இதைச் சரிசெய்யுங்கள். மதிப்பெண் சான்றிதழ் தொலைந்திருந்தால், படித்த பள்ளியை அணுகி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூலம் நகல் பெறலாம். எங்களுள் ஒருவருக்கு அது கிடைக்கவே வெகுநாள் ஆயிற்று.

விழா முடிந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டாம் பூசைக்குப் பிறகு நாங்கள் பங்கு மண்டபத்தின் பின்னறையில் இருப்போம். எங்கள் பழைய பாடப் புத்தகங்கள் அனைத்தையும் அங்கே அலமாரியில் வைத்திருக்கிறோம். எடுத்துச் செல்லலாம், பெயரெழுதிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், திருமுழுக்குச் சான்று ஆகிய மூன்றையும் கொண்டுவந்தால் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே மனு எழுதவேண்டும் என்று சொல்வோம். மாலை நேரந்தான் வசதி என்கிறவர்கள் மளிகைக் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போகலாம்.